சரிசமமாய் இரண்டு பெட்டி திராட்சை

என் அன்புச் சகலை அந்தோணிக்கு,

முதலில் உன் சைக்கிளைப் பற்றிய செய்தி. நன்றாக இருக்கிறது. வாரம் ஒரு தடவை துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, காற்று இறங்காமல் பார்த்துக்கொள்கிறேன். உன்னைவிட நான்தான் அதை நன்றாகக் கவனிக்கிறேன் என்றால் கோபித்துக்கொள்வாய். கோபித்துக்கொள். உன் கோபத்தைப் பார்த்து இரண்டு வருடமாகிறது.

இந்தக் கடிதத்தை நான்காவது தடவையாக ஆரம்பிக்கிறேன். உட்கார்ந்தால் கால் ஆடுகிறது. எழுந்து வாசல்வரை போய் லிங்கராஜபுரம் பஸ் ஒன்று திரும்புவதைப் பார்த்துவிட்டு வந்து உட்காருகிறேன். மறுபடி எழுகிறேன். "உட்கார்ற எடத்துல என்ன முள்ளா இருக்கு உங்களுக்கு?" என்று ஷீலா கேட்கிறாள். முள் இருந்தது. அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

நம்மைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம். அவர்களுக்காக: அக்கா ஸ்டெல்லாவை நீ கட்டினாய், தங்கை ஷீலாவை நான் கட்டினேன். மூத்த மருமகன் என்று மாமியார் வீட்டில் முதல் தட்டு உனக்குத்தான் வரும். ஆனால் வயதில் நீ எனக்கு மூன்று மாதம் சின்னவன். அதனால்தான் ஒரு நாளும் உன்னை ‘அண்ணே’ என்று கூப்பிடவில்லை.

அந்த அக்கா தங்கையோடு குடித்தனம் நடத்த ஒரே ஒரு சட்டம்தான். ஒரு வீட்டுக்கு வந்தது இன்னொரு வீட்டுக்கும் வர வேண்டும். புடவை, குக்கர், கிறிஸ்துமஸ் நட்சத்திரம், எல்லாம் ஜோடி. நாம் சைக்கிள் வாங்கியபோதுகூட ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே பச்சை நிறத்தில் இரண்டு. நாற்பது வயதில் இரண்டு பேரும் கிளிப்பச்சைச் சைக்கிளில் ஹென்னூர் ரோட்டில் போனதைப் பார்த்துப் பால்காரர் சிரித்தாரே, நினைவிருக்கிறதா?

சனிக்கிழமை சாயங்காலப் பூசையை முடித்துவிட்டால் ஞாயிறு நமக்கு. பாகலூர் தாண்டி, தேவனஹள்ளி தாண்டி, நந்தி மலைப் பக்கம் தார் ரோட்டை விட்டு இறங்கியதும் சரளைக்கல் பாதை. இறங்கியதுமே நீ டயரில் கொஞ்சம் காற்றை விட்டுவிடுவாய். "கல்லு மேல வண்டி குதிக்கக் கூடாது, படுத்துக்கினு போகணும்" என்பாய். ஏற்றம், இறக்கம், மறுபடி ஏற்றம். இரண்டு பக்கமும் கல்தூண் நட்ட பந்தல்களில் கருநீலத் திராட்சை. பக்கத்திலேயே ஓடிவரும் ஆறு. ஓடிவரும் என்றா சொன்னேன்? பாதி வருடம் வெறும் மணல். "தென்பெண்ணை இங்கதான் பொறக்குது, தெரியுமா?" என்று பெருமை அடித்துக்கொள்வாய். "பொறந்தது சரி, தண்ணி எங்க?" என்பேன்.

நான் எப்போதும் முன்னால். எனக்கு மெதுவாகப் போகத் தெரியாது. மேட்டின் உச்சியில் காலை ஊன்றி நின்று, "வா, வா" என்று கத்துவேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த ஒரு ஞாயிறும் கத்தினேன். நீ வரவில்லை.

திரும்பி இறங்கி வந்து பார்த்தால், ஒரு கல்தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். சைக்கிள் சரளையில் கிடந்தது. நீ வண்டியைக் கீழே போடுகிற ஆள் இல்லை. முகமெல்லாம் வியர்வை, கை இடது தோளைப் பிடித்திருந்தது.

"நெஞ்சு புடிக்குது. காஸ்தான். போன வாரமும் வந்துச்சு, போயிடுச்சு."

"டாக்டர்கிட்ட போலாம் சகலை."

"போலாம், போலாம். வீட்ல சொல்லாத. ஷீலாகிட்டயும் சொல்லாத. அவகிட்ட சொன்னா அடுத்த நிமிஷம் ஸ்டெல்லாவுக்குத் தெரியும். அப்புறம் ஒரே பேஜார். சைக்கிள பழைய இரும்புக்குப் போட்டுடுவா."

"சரி" என்றேன்.

அவ்வளவுதான். ஒரே ஒரு சரி. கொஞ்ச நேரத்தில் எழுந்துவிட்டாய். தோட்டக்காரர் வழக்கம்போல் நம் இரண்டு வீட்டுக்குமான திராட்சைப் பெட்டிகளைத் தராசில் வைத்து, கன்னடத்தில் "எரடூ ஒந்தே தூக்க, சார்" என்றார். இரண்டும் ஒரே எடை. நம் வீட்டுச் சட்டம் அவருக்கே பாடமாகியிருந்தது. உன் பெட்டியையும் என் கேரியரில் கட்டிக்கொண்டேன். உனக்காக அன்று நான் செய்தது அது ஒன்றுதான்.

டாக்டரிடம் நீ போகவில்லை, நானும் இழுத்துக்கொண்டு போகவில்லை. மூன்றாவது வாரம் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது ஷூ லேஸ் கட்டக் குனிந்தவன் நிமிரவில்லை.

வந்தவர்கள் எல்லாம், "ஒரு அறிகுறியும் இல்லியே" என்றார்கள். ஸ்டெல்லா அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, உங்ககூடத்தான சுத்துவாரு. உங்ககிட்டகூட ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டார். "இல்ல அண்ணி" என்றேன். உன்னை இன்னும் பெட்டியில் வைக்கக்கூட இல்லை.

அந்த ‘இல்ல அண்ணி’ இரண்டு வருடம் என்னை உட்காரவிடவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார். முப்பது சொன்னேன். ஞாயிறு ஆனால் தனியாக அதே பாதையில் போனேன், மேட்டில் நின்று திரும்பிப் பார்த்தேன், சீசனில் அதே இரண்டு பெட்டி வாங்கிவந்தேன். விமான நிலையம் வருகிறது என்று அந்தப் பக்கம் பாதித் தோட்டங்களில் மனைக்கல் நட்டுவிட்டார்கள். நம் தோட்டக்காரர் இன்னும் விற்கவில்லை.

இந்தத் தவக்காலத்தில்தான் அது நடந்தது. அண்ணியிடம் பெட்டியைக் கொடுத்தேன். ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "அவரு போனப்புறமும் எனக்கு ஒரு கொறையும் வைக்கல தம்பி நீங்க" என்றார். அதை என்னால் தாங்க முடியவில்லை. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ உட்கார்ந்த கல்தூண், உன் வியர்வை, என் சரி, எல்லாம்.

அண்ணி அழவில்லை. வாயிலிருந்த விதையைக் கையில் துப்பி, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவருக்காக மறைக்கல தம்பி. உங்க ஞாயித்துக்கிழமைக்காக மறைச்சீங்க."

கதவைச் சாத்திவிட்டார். பெட்டி அன்றைக்கே என் வீட்டுக்குத் திரும்பி வந்தது.

நீ சொல், சகலை. அது உண்மையா? சரி என்று சொல்வதற்கு முன்னால், இவனை வீட்டில் நிறுத்திவிட்டால் நான் யாரோடு போவேன் என்று ஒரு நொடி நினைத்தேனா? யோசித்து யோசித்துப் பார்த்தேன். நினைத்தேன்.

ஷீலாவும் எங்கள் வீட்டுப் பெட்டியைத் தொடவில்லை. "அக்கா திங்காதத நான் எப்படித் திம்பேன்?" என்றாள். இரண்டு பெட்டியும் சமையலறையில் ஒன்றாகவே புளித்தன. ஆறாம் நாள் நானே கொண்டுபோய்க் கொட்டினேன்.

போன ஞாயிறு காலை டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் கேட் அருகில் அண்ணி.

"எந்தப் பக்கம் போறீங்க?"

"நந்திப் பக்கம் அண்ணி."

"ஈசிஜி எடுத்தாச்சா?"

"இல்ல அண்ணி." இந்தத் தடவை உண்மை.

"நாளைக்கு எடுக்கணும். நானும் ஷீலாவும் வர்றோம்." ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. "உங்கள இன்னும் மன்னிக்கல தம்பி. அது வேற. நானும் அவளும் சின்ன வயசுலேர்ந்து எல்லாத்தையும் சரிபாதியாப் பங்கு போட்டுக்கிட்டோம். இந்த ஒண்ணுல மட்டும் என் தங்கச்சிக்குப் பங்கு வேணாம்."

அன்று நான் போகவில்லை. சைக்கிளை உன் சைக்கிள் பக்கத்தில் சாய்த்துவிட்டு, இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து அழுதேன். மறுநாள் ஒருத்தி இந்தப் பக்கம், ஒருத்தி அந்தப் பக்கம் என்று கூட்டிப்போனார்கள். நெஞ்சில் ஒன்றும் இல்லையாம். டாக்டர் சொன்னது அது.

வருகிற ஞாயிறு மறுபடி அந்தப் பாதைக்குப் போவேன், மெதுவாக. உனக்கு ஒரு வாக்குக் கொடுத்து இரண்டு வருடம் காப்பாற்றினேன். இப்போது அதற்கு எதிராக ஒன்று தருகிறேன், வாங்கிக்கொள். இனி எனக்கு எங்கே வலித்தாலும், வலித்த அன்றே இரண்டு வீட்டிலும் சொல்லிவிடுவேன். சரிசமமாக.

மேட்டின் உச்சியில் நின்று கத்தின
உன் சகலை,
டேவிட்