ஜுமானா கையில் கொடுத்த தட்டு

முஹன்னத் அண்ணா,

நீ ஜுமானாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அண்ணனிடம் இதை மட்டும் கேட்காதே என்று சொல்லித்தான் அம்மா என்னை வளர்த்தாள். கேட்டுவிட்டேன்.

விளையாட்டு வழியே தொழிலும் தலைமையும் கற்றுத்தரும் கிளப் என்று பலகை மாட்டியவன் நீ. கால்பந்துப் போட்டிக்குத் திட்டம் போட்டு, ரொட்டிக்கடைக்காரரிடம் பேசி உதவி வாங்கியவள் பெண்கள் அணிக் கேப்டன் ஜுமானா. நேற்று கிளப்பைப் பார்க்க விருந்தினர் வந்ததும் அந்தப் போட்டியைப் பற்றிப் பேச ஒரு பையனை நிறுத்தினாய். அவள் கையில் டீத் தட்டைக் கொடுத்து, "பொம்பளப் புள்ள குடுத்தாத்தான் மரியாதை" என்றாய். வீட்டின் முதல் பட்டதாரி என்று என்னைக் காட்டிப் பெருமை வேறு.

வாசலில் அவள், பெண்கள் அணிக்குக் கோச்சான என்னிடம், "கோச், தலைமைன்னா தட்டு தூக்குறதா? நான் இனிமே வரல" என்றாள்.

இன்று அதே விருந்தினர் நம் வீட்டில் சாப்பிடுகிறார்கள். கறியும் சோறும் அடுக்கி வேகவைத்த மக்லூபா தயார், அடுப்பை அணைத்துவிட்டேன். பானை கொஞ்சம் ஆறட்டும், இல்லாவிட்டால் கவிழ்க்கும்போது சோறு சரியும். நீயே கவிழ்த்துக்கொள். அம்மாவைக் கூப்பிடாதே.

பி.கு. தயிர் ஃப்ரிட்ஜில். கிளப் சாவி உப்பு டப்பாவுக்கு அடியில். எனக்கு இனி அது வேண்டாம். ஜுமானாவை வீட்டிலிருந்து அழைத்துக்கொண்டு பள்ளி மைதானத்துக்குப் போகிறேன். பெண்கள் அணி இனி அங்கேதான் ஆடும். மன்னிப்புக் கேட்க வருவதானால் அங்கே வா, டீத் தட்டோடு.