அபியின் ஆப்பை அசைத்த வாரம்

ஜனவரி 22, வியாழன்

காலையில் பனி. மதியம் வெயில். சாயங்காலம் ஆரல்வாய்மொழிக் காற்று. என் தலைமுடி என்ன கதியில் இருக்கும் என்று கண்ணாடி பார்க்காமலே தெரிகிறது.

இன்றைய வேலைகள்:
1. க்ளஸ்டர் ரெக்கார்டு எழுதுவது. (பாதி.)
2. அம்மாவுக்குப் பச்சை நூல்கண்டு. (மறந்தாச்சு. திட்டு வாங்கியாச்சு.)
3. அபியை ஏமாற்றுவது. (முடிந்தது. பிரமாதம்.)

ரெக்கார்டில் எழுதியதை இங்கே என் மொழியில். எங்கள் பாலிடெக்னிக் லேபில் நான்கு பழைய கம்ப்யூட்டர்களைச் சேர்த்துக் கட்டி ஒரு க்ளஸ்டர். பெயர்கள்: கொட்டாரம், முட்டம், பேச்சிப்பாறை, சுசீந்திரம். நாங்கள் செய்யும் ஆப் எல்லாம் இவற்றில்தான் ஓடும். எந்த ஆப் எந்த மெஷினில் உட்கார வேண்டும் என்பதை ஒரு கன்ட்ரோலர் தானே பார்த்து முடிவு செய்யும். ஒரு மெஷின் திணறினால் ஆப்பைத் தூக்கிச் சும்மா இருக்கும் மெஷினில் வைக்கும். கல்யாண வீட்டில் "இங்க நெருக்காதேயும், அங்கன எடம் கெடக்கு" என்று ஆளைப் பிடித்து உட்கார வைப்பாரே ஒருவர், அதே வேலை. ஆகவே கன்ட்ரோலருக்கு நான் வைத்த பெயர் பந்தி மாமா. லே.சா.வே இப்போது அப்படித்தான் சொல்கிறார். (லே.சா. = லேப் சார். பெயரில் மட்டும்தான் லேசு. நூறு கிலோ.)

பந்தி மாமாவுக்குச் சட்டம் எழுதுவது இந்த செமஸ்டர் என் பொறுப்பு. எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும் (15). தானாக மாற்றலாமா, கேட்டு மாற்ற வேண்டுமா (தானாக). எதை அசைக்கவே கூடாது. இதற்குப் பெயர் பின். பின் குத்திய ஆப் ஒன்றே ஒன்று. அபியின் தண்ணீர் ஆப்.

அபிஷா. ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்து இருக்கை. அவள் அப்பா, கடைமடையில் பதினாறு வீட்டு வயல்களுக்குத் தண்ணீர் முறை பார்ப்பவர். இன்று யார் வயலுக்கு மடை திறப்பு, நாளை யாருக்கு என்பது அவர் வாயில். நோட்டில் எழுதி வந்ததை நவம்பரில் அபி ஆப்பாக மாற்றினாள். காலையில் பதினாறு வீட்டு போனிலும் அன்றைய பெயர் வரும். விவரம் எல்லாம் முட்டம் மெஷினின் டிஸ்க்கில். அதனால்தான் பின்.

"ஏட்டி வினி, எதை வேணும்னாலும் ஆட்டு. இத மட்டும் அசைக்காத, கேட்டியா" என்று நவம்பரிலேயே சொல்லிவிட்டாள்.

அசைக்கவில்லை. அசைக்கட்டுமா என்று கேட்க வைத்தேன். பின்னை எடுத்தேன். "கேட்டு மாற்று" என்று போட்டேன். இடைவெளி ஒரு நிமிடம். கேள்வியின் வாசகத்தையும் மாற்றினேன். இங்கிலீஷ் கிளாஸ் நடுவில் அவள் போனில் நிமிடத்துக்கு ஒன்று:

"அபிஷா அம்மாள் அவர்களே, இலையை எடுத்துக்கொண்டு அடுத்த பந்திக்கு வருகிறீர்களா?"

வேண்டாம் அழுத்துகிறாள். மறு நிமிடம்:

"பாயசம் அங்கேதான் இருக்கிறது. வருகிறீர்களா?"

பதினொரு தடவை. முகம் சிவந்து, கடைசியில் சிரிப்பை அடக்க முடியாமல் டெஸ்க்குக்கு அடியில் போய்விட்டாள். மிஸ் வெளியே அனுப்பினார். காரணமானவள் என்று என்னையும். வராந்தாவில் வைத்துத் தலையில் கொட்டினாள். "சவமே. ஒழுங்கா எல்லாத்தையும் பழையபடி வை." "வைக்கேன் தாயே."

ஜனவரி 23, வெள்ளி

பழையபடி வைத்தேன். இடைவெளி 15, சரி. தானாக மாற்று, சரி. வாசகம், சரி. அதற்குள் மணி. மூன்று நாள் லீவு. பஸ்ஸைப் பிடிக்க ஓட்டம். படிக்கட்டில் செருப்பு வார் போயிற்று. ஒற்றைக்கால் கொக்காக வீடு.

பச்சை நூல் வாங்கினேன். வேறு பச்சையாம்.

ஜனவரி 25, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. ஆனாலும்.

பத்து மணிக்கு அபி போன்.  "வினி, எங்கப்பாவ தண்ணித் திருடன்னு சொல்லிட்டாவ."

நடந்தது: விடியற்காலம் ஆப்பில் இன்றைய பெயராக அவள் அப்பா பெயரே வந்திருக்கிறது. முறை பார்ப்பவர் கடைசியில்தான் தன் வயலுக்குத் தண்ணீர் எடுக்க வேண்டும் என்பது அந்தக் கால்வாயில் சட்டம். இன்னும் நான்கு வீடு பாக்கி. இன்று தாணு அண்ணாச்சிக்கு. மாமாவுக்கே (அபியின் அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) சந்தேகம். "எனக்கு இந்த முறை வேண்டாம்" என்று ஒரு பட்டன் ஆப்பில் உண்டு. போன வாரம் தூறல் விழுந்ததே, நாலு பேரும் வேண்டாம் என்று அழுத்தியிருப்பார்களோ என்று நினைத்து அபியை எழுப்பிக் கேட்டிருக்கிறார்.

"மக்களே, எம்பேரு வருதே, செரியா?"

இவள் போர்வைக்குள்ளிருந்து, "அது தப்பாதுப்பா."

மம்பட்டியை எடுத்துப் போய் மடையைத் திருப்பிவிட்டார். பல நாளாகக் காத்திருந்த தாணு அண்ணாச்சி ஆறரைக்கு வந்து பார்த்தால் அவர் வயல் வெடித்துக் கிடக்கிறது. கதிர் பால் பிடிக்கிற நேரம். டீக்கடை முன்னால் நின்று சத்தம். "நோட்டு இருந்தா எல்லாருக்கும் தெரியும்னுதான் போனுக்குள்ள ஒளிச்சு வச்சியாக்கும்!"  மாமா மடையை அவர் வயலுக்கு மாற்றிவிட்டு வீட்டுக்கு வந்து, மம்பட்டியைக் கழுவாமல் அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்தவர்தான்.

அபி அழுதாள். "நான் எங்கயோ தப்பா எழுதியிருக்கேன், வினி."

"நீயாவது தப்பா எழுதுகதாவது" என்றேன். அப்போது உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

ஜனவரி 26, திங்கள்

லீவு. கொடி, மிட்டாய். அபி போனை எடுக்கவில்லை. மிட்டாய் புளிப்பு.

ஜனவரி 27, செவ்வாய்

மேகம். காற்று இல்லை.

அபி லீவு. காலையில் லே.சா. "ஏட்டி வினிஷா, அந்தப் பிள்ளைக்க ஆப்புக்கு என்னாச்சுன்னு லாக்க பாரு" என்றார். லாக் என்றால் மெஷின் தான் செய்ததைப் பதிந்து வைக்கும் குறிப்பு. பார்த்தேன்.

சனிக்கிழமை மதியம். சீனியர்களின் தேர்வுப் பயிற்சி ஆப்பால் முட்டத்தில் நெருக்கடி. தண்ணீர் ஆப், முட்டத்திலிருந்து பேச்சிப்பாறைக்கு மாற்றப்பட்டது. தடை: இல்லை.

தடை இல்லை. ஏன் இல்லை? வியாழக்கிழமை எடுத்த பின்னை வெள்ளிக்கிழமை நான் குத்தவில்லை.

பந்தி மாமா மேல் குற்றம் இல்லை. சொன்னதைச் செய்தார். ஆப் பேச்சிப்பாறைக்குப் போய்விட்டது, விவரம் முட்டம் டிஸ்க்கிலேயே கிடந்தது. புது இடத்தில் எதுவும் இல்லாததால் ஆப் தன்னிடமிருந்த முதல் பட்டியலைப் போட்டுக்கொண்டது. அபி நவம்பரில் சோதனைக்காக அடித்துப் பார்த்த பட்டியல். சோதனைக்கு யார் பெயரை முதலில் அடிப்பாள்? அப்பா பெயரைத்தான்.

மடையைத் திறந்தவர் அவர். மடத்தனத்தைத் திறந்தவள் நான். இப்போதும் எனக்கு வார்த்தை விளையாட்டு வருகிறது பார். வெட்கமே இல்லை.

லே.சா. கேட்டார், "தெரிஞ்சுதா?" "இன்னும் இல்ல சார்." அந்த வாயை என்ன செய்ய?

சாயங்காலம் அபி வீட்டுக்குப் போனேன். எல்லாம் சொல்லிவிடத்தான் போனேன். மாமா வராந்தாவில். "வா மக்களே, சாயா குடிக்கியா?" என்று எப்போதும் போல. ஷேவ் செய்யாத முகம். உள்ளே அபி, ஆப்புக்கு எழுதிய கோட் முழுவதையும் பேப்பரில் அச்செடுத்து வரிவரியாகத் தன் தப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். நாற்பது பக்கம். சிவப்புப் பேனா. என்னைப் பார்த்ததும் தோளில் விழுந்து அழுதாள். "நாளைக்குக் கோயில் முன்னால கூட்டம் போட்டிருக்காவ. அப்பாவ முறையில இருந்து எறக்கப் போறாவ. என்னாலதான்."

முதுகைத் தடவிக் கொடுத்தேன். வாயைத் திறந்தேன். "அழாத" என்று மட்டும் வந்தது.

அரைமணி நேரம் இருந்தேன். சாயா குடித்தேன். வந்துவிட்டேன்.

ஜனவரி 28, புதன்

காலேஜில் லே.சா.விடம் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அதைவிட மோசம். முட்டத்திலிருந்த பழைய விவரத்தை எடுத்து அச்சடித்துக் கையில் கொடுத்தார். "இத கொண்டு போய் அவங்ககிட்ட காட்டு. நான் வரணுமா?" "வேண்டாம் சார்." பிறகு, "நான்தானே செஞ்சேன்."

சைக்கிளில் போனேன். அம்மன் கோயில் முன்னால் முப்பது பேர். தாணு அண்ணாச்சி நின்றுகொண்டு பேசுகிறார். மாமா தலை குனிந்து மண்ணில் உட்கார்ந்திருக்கிறார். அபி ஓரமாக, நாற்பது பக்கத்தையும் மடியில் வைத்துக்கொண்டு.

"மாமா தப்பு இல்ல. நான் செஞ்சது" என்றேன். குரல் கீச்சென்று. இரண்டு பேர் சிரித்தார்கள்.

"நீ யாரு பிள்ளே?"

சொன்னேன். பந்தி, பின், பேச்சிப்பாறை, எல்லாம். விளையாட்டுக்குச் செய்தேன் என்பதையும். பேப்பரைக் கொடுத்தேன். அதில் ஞாயிறு, தாணு என்று தெளிவாக இருந்தது. முறை பார்க்கும் மாமாவின் பெயர் அடியில், கடைசியாக.

தாணு அண்ணாச்சி பேப்பரைத் தூரப் பிடித்து வாசித்தார். வெகுநேரம். "அப்ப எங் கதிருக்க பால நீதான் குடிச்சியாக்கும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. பிறகு மாமா பக்கம் திரும்பி, "டீக்கடையில வச்சு நான் சொன்னத மனசுல வைக்காண்டாம் வே." அவ்வளவுதான் அவரால் முடிந்தது. மாமா தலையசைத்தார்.

முறை மாமாவிடமே இருக்கும். ஆனால் இனி நோட்டும் உண்டு. ஆப் சொன்னாலும் நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் மடை. அடுத்த சுற்றில் மாமா தன் தண்ணீரைத் தாணு அண்ணாச்சிக்கு விடுவார். அதை அவரே சொன்னார், யாரும் கேட்கவில்லை. போகும்போது என் தலையில் கை வைத்து, "பிள்ளையளுக்க வெளையாட்டு. போட்டு, விடு" என்றார். அடித்திருக்கலாம்.

அபி வேலிப்பக்கம் நின்றாள். போனேன்.

"எப்பம் தெரியும்?"

"நேத்து காலையில."

"நேத்து சாயங்காலம் வீட்டுக்கு வந்தியே. அப்பவும் தெரியுமா?"

"ம்."

"நான் அழுதப்ப?"

"ம்."

"முதுக தடவுனியே, வினி."

நான் செய்த விளையாட்டுக்காகத் திட்டவே இல்லை. பின்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாற்பது பக்கத்தையும் நேராக அடுக்கி, நடுவில் மடித்து, போய்விட்டாள்.

எதையாவது சொல்லி அவளைச் சிரிக்க வைத்துவிடுவேன், எப்போதும். இன்று ஒன்றுகூட வரவில்லை.

ஜனவரி 29, வியாழன்

அபி வந்தாள். முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து இன்றுதான் என் பக்கத்தில் பை மட்டும். மத்தியானம் தனியாகச் சாப்பிட்டேன். புளிக்குழம்பு. சாயங்காலம் டப்பாவைத் திறந்த அம்மா, "ரெண்டு பேருக்குக் கெட்டி விட்டேனே, அபிக்குப் பிடிக்கும்லா, மிச்சம் வந்திருக்கே?" என்றாள். வயிற்றுவலி என்றேன்.

மெசேஜ் எழுதியது: ஒன்பது. அனுப்பியது: ஒன்று. "சாரி." பார்த்துவிட்டாள். இரண்டு நீலக் கோடு.

ஜனவரி 30, வெள்ளி

வெயில். காற்று திரும்ப வந்துவிட்டது.

லே.சா. ஒரு தாளை நீட்டினார். அபி கையெழுத்து. செட்டிங் மாற்ற விண்ணப்பம். இரண்டே வரி.

1. தண்ணீர் ஆப்பை மறுபடி முட்டத்தில் பின் குத்த வேண்டும்.
2. தினக்கடி ஆப் இருக்கும் மெஷினில் தண்ணீர் ஆப் இருக்கக் கூடாது.

தினக்கடி என்னுடையது. நாளுக்கு ஒரு மொக்கை ஜோக் போடும் ஆப். நவம்பரிலிருந்து அதையும் முட்டத்தில்தான் வைத்திருந்தேன். சட்டம் எதுவும் இல்லை, அவளுடையது அங்கே இருந்தது, அவ்வளவுதான்.

"இப்படிக் கேக்கலாமா சார்?"

"கேக்கலாம். ரெண்டு ஆப் ஒண்ணா இருக்காண்டாம்னு ஒரு சட்டம் போடலாம். நீதானே இன்சார்ஜ்?" சற்று நிறுத்தி, "வேணும்னா நான் போடுகேன்."

"நானே போடுகேன் சார்."

முதலில் பின். இரண்டு முறை பார்த்தேன். மூன்றாம் முறையும். பிறகு அடுத்த சட்டம். முதல் ஆப்: தண்ணீர். இரண்டாவது ஆப்: தினக்கடி. உறவு: சேர்ந்து இருக்கக் கூடாது. காலம்: என்று ஒரு கட்டம். காலியாக விட்டால் எப்போதும் என்று அர்த்தம். அபி எதுவும் எழுதவில்லை. காலியாக விட்டேன்.

லேபின் முதல் பெஞ்சில் அபி. பார்த்தேன். அவள் திரும்பவில்லை. சேமி அழுத்தினேன்.

பதினொன்றே காலுக்குப் பந்தி மாமா சுற்றி வந்தார். தினக்கடியை முட்டத்திலிருந்து எழுப்பினார், கொட்டாரத்தில் உட்கார வைத்தார். நாற்பது விநாடிகூட ஆகவில்லை.

"பாத்தியா, யூசருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது" என்றார் லே.சா.

சரி சார் என்றேன்.