கொத்தில் ஒட்டாத மண்

என் அருமை அப்பா,

வாசலூர்பட்டியில் எல்லோரும் சுகம். உலகச் சண்டை ஓய்ந்தபின் மண்ணெண்ணெய் கொஞ்சம் தாராளமாகக் கிடைக்கிறது. அதைவிடப் பெரிய சேதி, இன்று அத்தை நம் வீட்டில் கஞ்சி குடித்தார்.

உங்கள் இழவன்று, "எங்கண்ணனக் களையெடுக்க உட்டே கொன்னு போட்டியேடா" என்று என்னைப் பார்த்து அலறிய அதே அத்தைதான். அதன்பின் அவர் நம் வாசலை மிதிக்கவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை அப்பா. தள்ளாத வயதில் தினமும் களைக்கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கீழ்க்காட்டுச் சாமைக்குக் களையெடுக்கப் போனீர்கள். கடைசியில் பலாமரத்தடியில், கொத்து பக்கத்தில் கிடக்க, உங்களைக் கண்டோம். நான் தடுத்ததை யார் பார்த்தார்கள்?

நீங்கள் இருந்தபோது ஒரு மழைக்காலத்தில் நம் மலையில் தங்கியிருந்தாரே சேலத்து டிராயிங் வாத்தியார், அவர் அப்போது உங்களைப் பார்த்து எழுதிய படத்தோடு இன்று வந்தார். அதே பலாமரத்தடியில் சாய்ந்து கண்மூடி இருக்கிறீர்கள். "உழைச்சு ஓஞ்ச உடம்புங்க" என்று ஊர் கூடிய இடத்தில் விளக்கினார். நான் நிமிரவே இல்லை.

அத்தைதான் குனிந்து பார்த்தார். "ஏனுங்க வாத்தியாரே, காடெல்லாம் சேறா எழுதியிருக்கீங்க, மழை பேஞ்ச நாளுதானுங்களே இது? கொத்துல பொட்டு மண்ணு ஒட்டலீங்களே!"

"இருந்தா எழுதியிருப்பனுங்களே. அவரு காலைலயே வந்து படுத்துக்குவாருங்க. எப்ப வந்தாலும் இதே இருப்புத்தான். எனக்கும் வசதியாப் போச்சு."

பக்கத்தில் சுட்ட பலாக்கொட்டைத் தோலைக்கூட அவர் விடாமல் எழுதியிருந்தார். அப்பா! களை ஏன் குறையவில்லை என்று கேட்டபோதெல்லாம் மண் பொல்லாதது என்றீர்களே! வாத்தியாருக்குக் களைப்பாகத் தெரிந்த முகம் எனக்கு வயிறு நிறைந்த முகமாகத் தெரிந்தது. அன்றைக்கும் இப்படித் தூங்கிக்கொண்டேதான் போனீர்களா?

அத்தை சிரித்துச் சிரித்து அழுதார். "ஆடு மேய்க்கப் போனாலும் எங்கண்ணன் இப்படித்தான். நாஞ்சொன்னத மனசுல வெச்சுக்காத கண்ணு" என்று சொல்லி, தானே உள்ளே வந்து கஞ்சி கேட்டார். எனக்குப் போன உயிர் திரும்பியது.

அந்தப் பலாவை வெட்டி உத்தரம் போட நினைத்திருந்தேன். இனி என் காலம்வரை அதில் கோடாரி படாது, சத்தியம். நாளைக்குக் கொத்தை எடுத்துக்கொண்டு நானே கீழ்க்காட்டுக்குப் போகிறேன். களையெடுக்க என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

உங்களுக்கே பிறந்த மகன்,
சடையன்