‘ஐ ஆம் கட்’

அன்புள்ள ரோஸ்லினுக்கு,

மாதா புண்ணியத்தில் நான் நலம். நீயும் பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள்? ஆலந்தலையில் மழை உண்டா?

பயப்பட ஒன்றுமில்லை. செவ்வாய்க்கிழமை கப்பலில் சிக்கிய கயிற்றை வெட்டிவிட்டு, வாக்கி-டாக்கியில் "ஐ ஆம் கட்" என்றேன். கேப்டன் முதலுதவிப் பெட்டியோடு ஓடிவந்து, என் கைகளைப் புரட்டிப் புரட்டிக் காயத்தைத் தேடினார்.

கூட வேலை பார்க்கும் திருச்செந்தூர் செல்லப்பாண்டி சிரித்தான். "ஏலே, வெட்டுனதுக்கு ‘ஐ கட் இட்’னு சொல்லணும். ‘ஆம்’ போட்டா ஒனக்கே வெட்டு விழுந்துட்டுன்னுல்லா அர்த்தம்."

அதிலிருந்து ஆங்கிலம் பேசவே கூச்சமாக இருக்கிறது. அடுத்த மாதம் பதவி உயர்வுக்கு ஆங்கிலத்தில் நேர்காணல். பிள்ளையின் ஆங்கில இலக்கணப் புத்தகத்தில் ‘ஆம்’ எங்கே வரும் என்று சொல்லும் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பு. உன் குரலில் வாசித்தும் அனுப்பு.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். ஏழு மாதத்தில் என் கையை ஒருவர் பிடித்தது அன்றுதான் ரோஸ்லின். காயமில்லை என்று உடனே சொல்ல மனம் வரவில்லை.

கிங்ஸ்டன்