வாயைக் கட்டாதவள்

மல்லசமுத்திரம்
8.2.82

அன்புள்ள மாமாவுக்கு,

அப்பா வீட்டுக்கு என்னை அனுப்பிவைத்ததோடு சரி, ஒரு கடிதாசி போட உங்களுக்குக் கை வரவில்லை. கரும்பு வெட்டில் இருப்பீர்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

நாமக்கல் டாக்டர் கொடுத்த சர்க்கரை மாத்திரையைத் தவறாமல் விழுங்குகிறேன். சோறு கிடையாது, கொஞ்சம் களியும் கீரையும்தான். ஆனாலும் சர்க்கரை இறங்கவில்லை, நான்தான் இளைத்துக்கொண்டே போகிறேன். அண்ணன் ராசப்பன் என்னைச் சோளக்காட்டுப் பொம்மை என்கிறான். இந்த நோய் வந்தவர்கள் தொந்தியும் தொப்பையுமாக இருக்கிறார்களே, நான் மட்டும் ஏன் இப்படி என்று கேட்டால் டாக்டர் எரிந்து விழுகிறார்.

நான் கரும்பாலையில் வெல்லம் திருடித் தின்கிறேன் என்று அத்தை ஊரெல்லாம் சொல்கிறார்களாம். நீங்களும் நம்புகிறீர்களா? நம் மகள் சௌந்திரத்துக்கு யார் தலை பின்னிவிடுகிறார்கள்? சர்க்கரை இறங்கியதும் கூட்டிப்போகிறேன் என்றீர்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உங்கள்
வசந்தா


எருமப்பட்டி
20.2.82

அன்புள்ள வசந்தாமணிக்கு,

கோபப்படாதே. நீ டீயில் சர்க்கரையை விட்டதிலிருந்து நானும் விட்டுவிட்டேன். டீக்கடையில் சிரிக்கிறார்கள். சௌந்திரத்துக்கு நான்தான் பின்னுகிறேன். மாட்டுக்குக் கயிறு திரிப்பதுபோல் இருக்கிறதாம், அழுகிறாள்.

அம்மா பேச்சை விடு. ஆனால் டாக்டரும் என்னிடம் அதையேதான் சொன்னார்: "அந்தம்மா வாயைக் கட்டலீங்க." தின்னாமல் எப்படி ஏறும், சாமி? என்னிடம் மட்டும் உண்மையைச் சொல், கோபிக்கமாட்டேன். இன்னும் கொஞ்சநாள் வாயைக் கட்டு. நானே வந்து அழைத்து வருகிறேன்.

உன் கணவன்
அர்த்தநாரி


சென்னை
2.5.82

அன்புள்ள மாமாவுக்கு,

பயப்படாதீர்கள், பிழைத்துவிட்டேன். மயங்கி விழுந்த என்னை அண்ணன் இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தான்.

இங்குள்ள டாக்டரம்மா என் மெலிந்த கையைப் பிடித்துப் பார்த்ததுமே, இது மாத்திரைக்குக் கேட்கிற சர்க்கரை இல்லை என்றார்கள். குழந்தைகளுக்கு வருகிற வகையாம், எனக்குத் தாமதமாக வந்திருக்கிறதாம். இன்சுலின் சுரக்கிற இடத்தை உடம்பே எதிரி என்று நினைத்து அழித்துவிடுகிறதாம். ரத்தப் பரிசோதனையிலும் அதுதான் வந்தது. தின்றதால் வந்ததில்லை, பட்டினி போட்டதுதான் தப்பு என்றார்கள். எனக்கு அழுகை நிற்கவில்லை. நான் திருடவில்லை மாமா. அத்தைக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

தினமும் ஊசி, ஆயுள் முழுக்க. நானே போட்டுக்கொள்ளப் பழகிவிட்டேன். மருந்துப் புட்டியை ஈர மணலில் புதைத்த பானைக்குள் வைத்துக் கெடாமல் காப்பாற்றலாமாம். இப்போது சோறு தின்கிறேன், கன்னம் தேறியிருக்கிறது. எப்போது வருகிறீர்கள்?

உங்கள்
வசந்தா


எருமப்பட்டி
30.6.82

வசந்தாமணிக்கு,

நீ பிழைத்ததில் சந்தோஷம். கடிதாசியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "திருடித் தின்னிருந்தாக்கூடத் திருத்திப்போடலாம் சாமி. சாகற மட்டும் ஊசின்னா என்ன பண்றது?" என்றார்கள்.

எனக்கு வேறு பெண் பேசி முடித்துவிட்டார்கள், வருகிற ஆவணியில் கல்யாணம். நான் தடுத்திருக்க வேண்டும், தடுக்கவில்லை. சௌந்திரம் இங்கேயே இருக்கட்டும்.

ஒன்று கேட்கிறேன். இது ரத்தத்திலேயே இருக்கிற நோய் என்று ஊருக்குத் தெரிந்தால் நாளைக்கு அவளை யார் கட்டுவார்கள்? நீ வாயைக் கட்டாமல் வந்தது என்றே இருக்கட்டும்.

அர்த்தநாரி


மல்லசமுத்திரம்
9.7.82

மாமாவுக்கு,

அப்படியே இருக்கட்டும். திருடித் தின்றவள் என்றே சொல்லுங்கள். யார் கேட்டாலும் நான் மறுக்கமாட்டேன். சௌந்திரத்திடமும் அதையே சொல்லிக்கொள்ளுங்கள்.

அவளுக்காக ஒன்று மட்டும் செய்யுங்கள். என்றைக்காவது அவள் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தால், நன்றாகத் தின்றும் இளைத்தால், வைது பட்டினி போடாதீர்கள். நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அம்மாவுக்கு என்ன நோய் என்று அங்கே கேட்பார்கள். அவர்களிடம் மட்டும் உண்மையைச் சொல்லுங்கள்.

வசந்தாமணி