அந்த மென்பொருளோடு வராத கோப்பு

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் நலம். நீ நலமா என்று இந்த முறை சும்மா கேட்கவில்லை, பதில் வேண்டும் என்றுதான் கேட்கிறேன். போனும் மெயிலும் இருக்கும்போது அம்மா எதற்குக் காகிதத்தில் எழுதி, அதையும் உன் ஆபீசுக்கு அனுப்புகிறாள் என்று குழம்பாதே. படித்துவிட்டு அங்கேயே கிழித்துப் போடு.

என் புத்தி உனக்குத் தெரியும். நான் வேலை பார்க்கும் மருத்துவமனையின் கணினிகளில் மென்பொருள் ஏற்றினால், முன்னால் ஒரு தடவையும் பின்னால் ஒரு தடவையும் கோப்புகளைப் பதிவெடுத்து ஒப்பிடாமல் எனக்குத் தூக்கம் வராது. ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை மாதிரி ஓர் எண் உண்டு. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். உன் கல்யாணத்துக்கு வாங்கித் தந்த மடிக்கணினிக்கும் அப்படிப் பதிவெடுத்து வைத்தேன். இதுக்குமா என்று நீ கேலி செய்தாய்.

போன மாதம் நீங்கள் வந்தபோது அது ஆமை மாதிரி ஓடுகிறது என்றாய். போட்டோ திருத்தும் மென்பொருள் ஒன்றைத் தான் போட்டுக் கொடுத்ததாக மாப்பிள்ளை சொன்னார். நீங்கள் கடைக்குப் போயிருந்தபோது பழைய பதிவோடு ஒப்பிட்டேன். புதிதாக நிறையக் கோப்புகள். அதில் ஒன்று மட்டும் கணினியின் சொந்தக் கோப்புகளுக்கு நடுவில், அவற்றின் பெயர் போலவே பெயர் வைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

அவசரப்பட்டு யார் மேலும் பழி போடக் கூடாது. அதை நகலெடுத்துக்கொண்டு, என் ஆபீசில் சும்மா கிடந்த கணினியில் அதே போட்டோ மென்பொருளை ஏற்றிப் பார்த்தேன். மற்றதெல்லாம் வந்தது, அது வரவில்லை. அப்படியென்றால் யாரோ தனியாகக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். பிரித்துப் பார்த்தேன். நீ தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் அது ஒரு மெயில் முகவரிக்கு அனுப்புகிறது. முகவரி மாப்பிள்ளையுடையது. இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

தோழிக்கு எழுதுவதெல்லாம் அவருக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாயே, அந்தச் சிரிப்பு எனக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். அக்கறையில் செய்திருப்பார், பெரிசு பண்ணாதே என்றார். அப்படியானால் உங்கள் போனிலும் அக்கறையாக ஒன்று போட்டு வைக்கட்டுமா என்று கேட்டேன். மறுநாள் மனிதர், உன் அறையில் போட்டு வைத்திருந்த உடற்பயிற்சி சைக்கிளை முதுகுவலியோடு தானே தள்ளிப்போய் வராந்தாவில் வைத்தார்.

அந்தக் கோப்பை நீ தொடாதே. அழித்தால் அவருக்குத் தெரிந்துவிடும். வழக்கம்போல எனக்கு மெயில் எழுது. நானும் வெயில் மழை என்று பக்கம் பக்கமாக அறுக்கிறேன், உட்கார்ந்து படிக்கட்டும். நிஜமாகச் சொல்ல வேண்டியதை உன் ஆபீஸ் போனிலிருந்து சொல்.

பயப்படாதே. இதெல்லாம் உன் அம்மா தினமும் பார்க்கிற வேலை. என்ன செய்வது என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும், நான் அவசரப்படுத்த மாட்டேன். ஆனால் கிளம்பலாம் என்று தோன்றினால் யாரிடமும் சொல்லிக்கொண்டு நிற்காதே. இங்கே யாரும் காரணம் கேட்க மாட்டோம். ஆதாரம் முழுவதும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. மடிக்கணினியை அங்கேயே விட்டுவிடு. நீ மட்டும் வந்தால் போதும், கண்ணு.

எப்போதும் உன் பக்கம் நிற்கும்,
அம்மா