ஆரஞ்சு முனையும் கருப்புப் பெயின்டும்

அன்பு மகனுக்கு,

அம்மாவின் ஆசிகள். நாங்கள் மூன்று பேரும் சுகம். கப்பலில் நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கினால் எங்கள் சுகத்துக்கு வேறு குறையில்லை. சலவைக்கடையில் இஸ்திரி போட்டுப் போட்டு என் மணிக்கட்டு வீங்கிக் கிடக்கிறது, அதனால் வழக்கம்போல நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். அப்பாவுக்கு ஷெட்டில் வேலை அதிகம், கார்கள் பெயின்டுக்கு வந்து வரிசையில் நிற்கின்றன, அதனால்தான் இந்தத் தடவை அவர் தன் கையால் இரண்டு வரி எழுதவில்லை. ஈரத் துணியோடு காற்றில் நிற்காதே.

அண்ணா, இதுவரைதான் அம்மா சொன்னது. முடிவில் போடவேண்டிய ஆசீர்வாதத்தையும் சொல்லிவிட்டு, "ஒட்டி வச்சிடுடி, காலைல தபால்ல போட்டுடலாம்" என்று படுக்கப் போய்விட்டாள். நான் ஒட்டவில்லை. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மீதியை எழுதுகிறேன். தெருவில் பைக் சத்தம் கேட்டால் கை தானாக நின்றுவிடுகிறது. அப்பாவுக்கு வேலை அதிகம் என்பது பொய். முந்தாநாளிலிருந்து அவர் போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறார். காரணம் நான்.

டியூஷன் விட்டு வரும்போது மூன்று வாரமாக ஒருத்தன் பைக்கில் பின்னாலேயே வந்தான். வீட்டில் சொன்னால் டியூஷனை நிறுத்திவிடுவார்கள் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. பள்ளி நாடகத்துக்கு நீ வாங்கிய பொம்மைத் துப்பாக்கி பரணில் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா, முனையில் ஆரஞ்சு நிறம் இருக்குமே. அந்த நிறத்தைப் பார்த்தால் அவன் சிரிப்பான் என்று அப்பாவின் ஷெட்டிலிருந்து கருப்புப் பெயின்டை எடுத்து முனையில் அடித்தேன். காயும்வரை பொறுமையில்லாமல் எடுத்து என் புத்தகப் பையில் போட்டேன். முந்தாநாள் அவன் பைக்கை எனக்குக் குறுக்கே நிறுத்தினான். வெளியே எடுத்து நீட்டினேன். அவன் பைக்கைத் திருப்பிக்கொண்டு, "துப்பாக்கி வச்சிருக்கா, துப்பாக்கி வச்சிருக்கா" என்று கத்திக்கொண்டே பறந்தான். அந்தக் கத்தலைக் கேட்டு யாரோ தகவல் சொல்லியிருக்க வேண்டும், நான் வீட்டுக்கு வந்து மூச்சு வாங்கி முடிப்பதற்குள் இன்ஸ்பெக்டர் வாசலில் நின்றார். எதிர்வீட்டுத் தையல்கார அக்கா, "இனிமே உங்க வாசலைத் தாண்டறப்ப கையைத் தூக்கிட்டுப் போகணுமா?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. பொம்மை வைத்திருப்பது குற்றமில்லையாம். முனை நிறத்தை மறைத்து, நிஜம் மாதிரி ஆக்கி, தெருவுக்கு எடுத்துப் போவதுதான் குற்றமாம், தற்காப்புக்கு என்று சொன்னாலும் சட்டம் கேட்காதாம். "அவன் பைக் நம்பரைச் சொல்லியிருந்தா நாங்க பாத்திருப்போமேம்மா. இதுக்குக் கருப்படிச்சது யாரு?" என்று என் பையிலிருந்து எடுத்த துப்பாக்கியை விளக்குக்கு நேரே பிடித்தார். முனையில் பெயின்ட் வழிந்து ஒரு சொட்டு உறைந்திருந்தது.

அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே. கார்க் கதவில் கடுகளவு வழிந்திருந்தாலும் முழுக்கத் தேய்த்து மறுபடி அடிப்பவர், "வாடி, உன் கண்ணு நல்ல கண்ணு, சாய்ச்சுப் பாத்துச் சொல்லு" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டுபவர். அந்தச் சொட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு, "என் கைவேலைதாங்க சார். நான்தான் அவ பையில வச்சேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கும்படி, "ஏம்மா என்கிட்ட சொல்லல?" என்றார். அதில் கோபமே இல்லை அண்ணா. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நாளை அவரைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். ஒப்புக்கொண்டால் ஜெயில்கூடக் கிடைக்கலாம் என்கிறார் வக்கீல். அம்மாவோ, "அப்பா சொன்னதையே நீயும் சொல்லு, படிக்கிற பொண்ணு பேரு கெடக்கூடாது" என்கிறாள், சொல்லிவிட்டு அழுகிறாள். என்னை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் காயாத பெயின்டில் என் கட்டைவிரல் பதிந்திருக்கிறது, அப்பாவின் விரலில் பாதிகூட இருக்காது. அதை இதுவரை யாரும் கவனிக்கவில்லை. நாளை கோர்ட்டில் அதைச் சாய்த்துப் பார்க்கச் சொல்லப்போகிறேன். பைக் நம்பரும் எனக்கு மனப்பாடம், அதையும் சொல்வேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும், அதனால் உன்னிடம் உதவி கேட்கவில்லை. என்னைப் பற்றி யார் என்ன சொன்னாலும், அப்பா அப்படி ஒரு வேலை செய்யமாட்டார் என்பதை மட்டும் நீ தெரிந்துவைத்துக்கொள்.

அம்மா சொன்ன ஆசீர்வாதம்: நீ போகிற கடலெல்லாம் அமைதியாக இருக்கட்டும், நல்ல உடம்போடு வீடு வந்து சேர். கரை இறங்கினதும் மறக்காமல் பதில் போடு, இந்த முறை அப்பா பெயருக்கு.

இப்படிக்கு,
அம்மா.

பாதிக்கு மேல் அம்மா சொல்லாமல் நானே எழுதியது,
உன் தங்கை.